சங்கம் என்றால் ஸ்டிரைக் மட்டும்தானா?



போன வருஷம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒருநாள் ராத்திரி, லாரி உரிமையாளர் சங்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவங்க யாருடா? அடிக்கடி ஸ்டிரைக் பண்ணி தக்காளி விலையை ஏத்தி விடறவங்கதானே?" என்றான் ஒரு நண்பன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ரூமுக்கு வந்து படுத்த பிறகு, என் மாமாவின் லாரி ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இந்த ஆண்டு மலரில் எழுதுகிறேன்.

தண்டவாளம் போய் டயர் வந்தது

என் ஊர் மொரப்பூர். தர்மபுரி மாவட்டத்தில், சென்னையிலிருந்து சேலம் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. 1906-ல் இங்கிருந்து தர்மபுரிக்கு ஒரு குறுகிய ரயில் பாதை போட்டார்கள். 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1941-ல், மூடப்பட்டது. மொரப்பூர் - தர்மபுரி பாதையை மறுபடியும் போடுவதற்கு அடிக்கல் நாட்டியது 2019-ல்தான். இடையில் முக்கால் நூற்றாண்டுக்கு மேல், எங்கள் பக்கத்துப் புளியையும் மாங்காயையும் மரவள்ளிக் கிழங்கையும் கரும்பையும் சுமந்தது ரோடுதான். முதலில் மாட்டு வண்டி, பிறகு லாரி.

ரயிலுக்கும் லாரிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ரயிலுக்கு ஒரே முதலாளி, அரசாங்கம். லாரிக்கு அப்படி இல்லை. நம் நாட்டில் லாரி வைத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்து வண்டிக்கும் குறைவாக வைத்திருப்பவர்கள். அதிலும் ஒற்றை வண்டிக்காரர்கள் ஏராளம். இவருக்கு எதிரில் நிற்பது யார்? சரக்கு அனுப்பும் கம்பெனி, கடன் கொடுத்த பைனான்ஸ், காப்பீட்டு நிறுவனம், டோல்கேட், அரசாங்கம். ஒரு ஆள் ஒவ்வொரு வாசலிலும் தனியாகப் போய் நின்றால் என்ன ஆகும்? என் மாமாவைக் கேட்டால் சொல்வார்.

மாமாவின் லோடு

நான் பத்தாவது படிக்கும்போது நடந்தது இது. மாமாவுக்கு ஒரே லாரி. அதுவும் தவணையில் ஓடியது. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போயிருந்தது. வழியில் பேய் மழை. தார்ப்பாயில் ஒரு கிழிசல். 12 மூட்டை நனைந்துவிட்டது. சரக்கு வாங்கியவர் அந்த 12 மூட்டைக்குப் பிடித்தம் செய்திருந்தால் நியாயம். அவரோ பேலன்ஸ் வாடகை முழுவதையும் நிறுத்திவிட்டார். மீதி மூட்டையை இறக்கவும் 5 நாள் இழுத்தடித்தார். லோடு பிடித்துக் கொடுத்த புரோக்கர் போனையே எடுக்கவில்லை. இங்கே இரண்டு தவணை பாக்கி. பைனான்ஸ்காரர் வீட்டு வாசலில். அத்தை தாலிக்கொடியைக் கழற்றி மேஜைமேல் வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

மாமா அதுவரை எந்தச் சங்கத்திலும் சேரவில்லை. "சந்தா கட்டி டீ குடிக்கவா?" என்பார். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர்தான் அவரைச் சங்க ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

செயலாளர் முதலில் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. "லாரி ரசீது எங்கே? வண்டி போய் நின்ன தேதிக்கு ஏதாவது எழுத்து இருக்கா? நனைஞ்ச மூட்டை எத்தனைன்னு எழுதி கையெழுத்து வாங்கினீங்களா?" என்று கேட்டார். மாமாவிடம் எதுவும் சரியாக இல்லை. "இதுகூட இல்லாம எப்படிங்க அங்க போய்க் கேட்கறது?" என்று திட்டிவிட்டு, அந்த ஊர் லாரி சங்கத்துக்குப் போன் போட்டார். மறுநாள் அந்தச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் குடோனுக்குப் போனார்கள். முகம் தெரியாதவர்கள், பாஷை தெரியாதவர்கள். மூட்டையை எண்ணி, நனைந்ததைத் தனியாக எழுதி, அதற்கு மட்டும் பிடித்தம் என்று பேசி முடித்தார்கள். காத்திருந்த 5 நாளுக்கு 3 நாள் ஹால்டிங் கிடைத்தது. மாமாவுக்கு நஷ்டம்தான். ஆனால் லாரி தப்பித்தது. தாலிக்கொடி அத்தை கழுத்துக்குத் திரும்பியது.

ஸ்டிரைக் இல்லாத நாளில் சங்கம் செய்வது என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

நிற்கும் லாரி சும்மா நிற்பதில்லை

நாம் டிப்ளமோ மாணவர்கள். கணக்குப் போட்டே பார்ப்போமே! லாரிச் செலவு இரண்டு வகை. டீசல், டயர், டோல், டிரைவர் படி எல்லாம் வண்டி ஓடினால் வரும் செலவு. தவணை, காப்பீடு, வரி, பர்மிட், எஃப்.சி. எல்லாம் வண்டி நின்றாலும் வரும் செலவு. அதனால்தான் ஒரு லோடு இறக்கியவர் ரிட்டன் லோடு இல்லாமல் இரண்டு நாள் நின்றால் பதறிப்போகிறார். டீசல் காசு கிடைத்தால் போதும் என்று எவ்வளவு குறைந்த வாடகைக்கும் தலையாட்டி விடுகிறார். அவர் ஒத்துக்கொண்ட வாடகையைக் காட்டியே அடுத்தவரிடம் பேரம் பேசுகிறார்கள். தனித்தனியாக ஒவ்வொருவரும் செய்வது புத்திசாலித்தனம்தான். எல்லோரும் அதையே செய்தால் எல்லோருக்கும் நஷ்டம்!

இங்கேதான் சங்கம் தேவைப்படுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்ற கணக்கை உறுப்பினருக்குச் சொல்கிறது. பாக்கி வைக்கும் பார்ட்டி யார் என்று எச்சரிக்கிறது. வெளிமாநிலத்தில் விபத்து என்றால் அங்குள்ள சங்கத்தைக் கூப்பிட்டு வக்கீல் ஏற்பாடு செய்கிறது. புதிய சட்டம் வந்தால் அதைப் புரிகிற தமிழில் சொல்கிறது. நான் பார்த்த ஆபீசில் நாள் முழுக்க நடந்தவை இவைதான்.

ஊர்ச் சங்கத்திலிருந்து டெல்லி வரை

சில விஷயங்களை ஊர்ச் சங்கத்தால் தீர்க்க முடியாது. அதற்கு மேலே ஒரு படி வேண்டும். சேலத்தைத் தாண்டினால் நாமக்கல். பாடி கட்டுவதற்கும், டிரெய்லருக்கும், கேஸ் டேங்கருக்கும் பேர்போன ஊர். தமிழ்நாடு மாநில லாரி உரிமையாளர்கள் சம்மேளனத்துக்குத் தலைமையிடமும் அதுதான். அகில இந்திய அளவில், 1936-ல் தொடங்கிய அகில இந்திய மோட்டார் டிரான்ஸ்போர்ட் காங்கிரஸ் இருக்கிறது.

இவர்கள் பேசி என்ன ஆயிற்று? முன்பெல்லாம் நேஷனல் பர்மிட் வண்டிக்கு, போகிற ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்டவேண்டும். ஒரே கட்டணத்தில் நாடு முழுக்கப் போகவேண்டும் என்பது லாரிக்காரர்களின் பல வருஷக் கோரிக்கை. 2010-ல் அந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

இன்னொன்று காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டி ரோட்டில் ஏறக்கூடாது என்பது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அதன் பிரீமியத்தை நாடு முழுமைக்கும் ஒன்றாக நிர்ணயிக்கிறார்கள். ஒற்றை லாரிக்காரர் அதில் பேரம் பேச முடியுமா? 2017 மார்ச் 30-ல் தென்மாநிலங்களில் தொடங்கிய லாரி ஸ்டிரைக்கிற்கு அந்தப் பிரீமிய உயர்வு ஒரு முக்கியக் காரணம். 2018 ஜூலையில் டீசல் விலை, டோல், காப்பீடு எல்லாம் சேர்ந்து நாடு தழுவிய ஸ்டிரைக் 8 நாள் நடந்தது. ஸ்டிரைக் என்பது கடைசி ஆயுதம். நம் கண்ணில் படுவது அது ஒன்றுதான் என்பதால் அதுவே முழு வேலை என்று நினைத்துவிடுகிறோம்.

சங்கமும் தப்புச் செய்யும்

நான் சங்கத்துக்குக் கொடி பிடிக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். ஒற்றுமை ஒரு எல்லையைத் தாண்டினால் அடாவடி ஆகிவிடும். 'இந்த ஊரில் எங்கள் வண்டிதான் லோடு ஏற்றவேண்டும், நாங்கள் சொன்னதுதான் வாடகை, வெளி வண்டி வந்தால் மறிப்போம்' என்று கிளம்பினால், அது வெளியூரிலிருந்து வரும் இன்னொரு ஒற்றை லாரிக்காரரின் வயிற்றில் அடிப்பது. ஒன்றுகூடி விலை நிர்ணயித்துப் போட்டியைத் தடுப்பதை 2002-ம் வருஷத்துப் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. பஞ்சாபில் சரக்கு லாரி யூனியன்களின் ஏகபோகத்தை ஒழிக்க 2017-ல் தனி விதிகளே கொண்டு வந்தார்கள்.

வாடகைத் தகராறு முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இமாசலப் பிரதேசம் சாட்சி. அங்கே 2022 டிசம்பரில் லாரி வாடகை கட்டுப்படியாகவில்லை என்று இரண்டு சிமெண்ட் ஆலைகளை நிர்வாகம் மூடியது. ஆயிரக்கணக்கான லாரிகள் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றன. 2023 பிப்ரவரியில்தான் பழைய வாடகையைக் குறைத்து உடன்பாடு வந்தது. கணக்கு இல்லாத பிடிவாதம் எந்தப் பக்கம் இருந்தாலும் பட்டினி கிடப்பது தவணை கட்டுகிறவன்தான்.

இன்னொரு குறையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன் ஆவேன். மாமாவின் லாரியை ஓட்டிப்போன டிரைவர் அண்ணன் ஊர் திரும்பியதும், "அஞ்சு நாள் அங்க கெடந்தேன், என் படி?" என்று கேட்டார். "எனக்கே மூணு நாளுக்குத்தான் கெடச்சுது" என்று சொல்லி மாமா 3 நாள் படியைக் கொடுத்தார். அந்த மனுஷனுக்காகப் பேச அந்த ஆபீசில் யாரும் இல்லை. அது உரிமையாளர் சங்கம். 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் கொண்டு வந்தபோதே, பொதுவாக 5 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் என்று வைத்தார்கள். ஒற்றை லாரி டிரைவர் அதற்கு வெளியே நின்றார்.

விபத்து செய்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடும் டிரைவருக்கு 10 வருஷம் வரை சிறை என்ற புதிய சட்டப் பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். ஜனவரி 2-ம் தேதி மத்திய உள்துறைச் செயலாளர் பேசியது யாருடன்? அகில இந்திய மோட்டார் டிரான்ஸ்போர்ட் காங்கிரசுடன். அந்தப் பிரிவை மட்டும் நிறுத்திவைத்து மற்ற சட்டம் அந்த வருஷம் ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. பலன் டிரைவருக்குக் கிடைத்தது, சந்தோஷம். ஆனால் ஸ்டியரிங் பிடித்தவனுக்காகப் பேசியது வண்டிச் சொந்தக்காரர் சங்கம்! டிரைவர்களுக்கும் இதே பலத்தோடு சங்கம் வேண்டாமா?

நமக்கு இதில் என்ன?

எந்திரவியல் படிக்கும் நமக்கு இதில் வேலை இருக்கிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எத்தனை விபத்து என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் என்ஜின் பிடிமானம் போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, டிரம் சூடேறி, பிரேக் பிடிக்காது. 2018 ஜூலையில் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது. எடை கூடினால் இறக்கத்தில் பிரேக் தாங்கவேண்டிய சக்தியும் கூடும். இதைப் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். சங்கக் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து டிரைவருக்கு நாமே போய்ச் சொன்னால் என்ன? சங்கம் கூட்டிக் கொடுக்கும், நாம் விளக்கிக் காட்டலாம்.

மாமா இப்போது வருஷம் தவறாமல் சந்தா கட்டுகிறார். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அந்த டிரைவர் அண்ணனும் வீட்டுக்கு வந்திருந்தார். மாமா என்னிடம், "ஏன்டா மாப்ளே, அந்த ரெண்டு நாள் படியைக் கொடுத்துட்டேன்டா. லேட்டுதான்" என்றார். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார்.

நண்பர்களே, நம் மாணவர் பேரவைக்கும் இது பொருந்தும். கூட்டம் போட்டுக் கோஷம் போடுவது வருஷத்தில் ஒரு நாள். பஸ் பாஸ் வராத முதலாமாண்டுத் தம்பிக்காக ஆபீஸ் வாசலில் நிற்பது மீதி நாள். அந்த மீதி நாளில்தான் சங்கம் சங்கமாக இருக்கிறது!

- மூன்றாம் ஆண்டு எந்திரவியல் மாணவன், மொரப்பூர்