வீடு என்னும் விடுதலை

'விடு' என்னும் வினையடியிலிருந்து பிறந்தவை விடுதலை, வீடு என்னும் இரு சொற்கள். நாம் குடியிருக்கும் இல்லத்துக்கும் வீடு என்று பெயர். அறம், பொருள், இன்பம் கடந்து அடையும் முத்திக்கும் வீடு என்றே பெயர். எதனை விட்டால் அந்த வீடு கிட்டும்? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் திருநாவுக்கரசு சுவாமிகள்.

திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்து, சமணம் சார்ந்து தருமசேனராகத் திகழ்ந்த அவரைச் சூலைநோய் வருத்தியது. தமக்கையார் திலகவதியார் அளித்த திருநீற்றை அணிந்து, திருவதிகை வீரட்டானத்து இறைவரை அடைந்தார், நோய் நீங்கியது. இதனை அறிந்த பல்லவ மன்னன், அவரை அழைத்துவர அமைச்சரை அனுப்பினான். வந்தவர்களிடம் நாவரசர் கூறிய மறுமொழியே ஆறாம் திருமுறையிலுள்ள மறுமாற்றத் திருத்தாண்டகம். சிவபெருமானுக்கே மீளா ஆளாகிவிட்டதால் வேந்தனுக்கும் கூற்றுவனுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை என்பது அதன் கருத்து.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. யாருக்கும் ஆட்படேன் என்று மட்டும் ஒருவன் கூறினால், அவன் தன் மனத்துக்கும் ஆசைக்கும் அடிமையாகவே எஞ்சுவான். நாவரசரோ ஒருவனுக்கு ஆட்பட்டார். அதனாலேயே மற்றெல்லாத் தளைகளும் அறுந்தன. நீற்றறையில் ஏழு நாள் இருந்தார். நஞ்சும் யானையும் அவரை அழிக்கவில்லை. கல்லோடு பிணித்துக் கடலில் இட்டபோது அக்கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூரில் கரைசேர்த்தது. பின்னர் அம்மன்னனே அடிபணிந்து, திருவதிகையில் குணபரஈச்சரம் எழுப்பினான் என்கிறது பெரியபுராணம்.

அச்சத்தை வெல்வது அரிது. பற்றை வெல்வது அதனினும் அரிது. திருப்புகலூரில் உழவாரத் தொண்டு செய்கையில், படை நுழைந்த இடமெல்லாம் பொன்னும் நவமணியும் ஒளிர்ந்தன. பருக்கைக் கற்களோடு அவற்றையும் ஒன்றாகவே எண்ணி வாரிக் குளத்தில் எறிந்துவிட்டுத் தம் பணியைத் தொடர்ந்தார். அரண்மனை அச்சுறுத்தியபோது காத்த அதே உரிமையைப் பொன் அழைத்தபோதும் அவர் இழக்கவில்லை.

முதுமையில் நம்மைப் பிணிப்பவை எவை? உடல் தளருமே, பிறர் கையை எதிர்பார்க்க நேருமே என்னும் அச்சம் ஒன்று. பிள்ளைகள் தலையெடுத்த பின்னும், நம் சொற்படியே இல்லம் நடக்கவேண்டும் என்னும் பிடிவாதம் மற்றொன்று. சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்த பிறகும் மனம் அதனையே சுற்றி வருவதுண்டு. இவற்றை ஒரே நாளில் உதற இயலாது. ஆயினும், அப்பர் பெருமான் முதுமையிலும் உழவாரத்தைக் கைவிடவில்லை என்பதை நினைவிற் கொள்வோம். திருக்கோயிலில் ஒரு விளக்கைத் துலக்குதல், இரண்டு மலர் தொடுத்தல், நடக்க இயலாதார் இருந்த இடத்திலேயே ஐந்தெழுத்தை ஓதுதல் ஆகிய தொண்டுகள் 'எனது' என்னும் பிடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தும்.

சித்திரைச் சதயத்தன்று புகலூரில் அவர் ஈசன் திருவடி சேர்ந்தார். ஆண்டுதோறும் அவர் குருபூசையில் வணங்கும் நாமும், இருக்கும் வீட்டிலிருந்தே அந்த வீட்டை நாடும் பேற்றை வேண்டுவோமாக.