வலி மாத்திரை போதையாகும்போது

செய்திகளில் அடிபடும் ‘போதை மாத்திரை’களில் பல, போதைக்காகத் தயாரானவை அல்ல. கடும் வலியைக் குறைக்க மருத்துவர் எழுதித் தரும் டேபென்டடால் அவற்றில் முக்கியமானது. சாராய வாடை கிடையாது, கஞ்சாப் புகை கிடையாது. சட்டைப் பையில் ஓர் அட்டை இருந்தால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. மெடிக்கலில் விற்கிற மாத்திரைதானே, என்ன செய்துவிடும் என்ற தைரியமும் சேர்ந்துகொள்கிறது.

டேபென்டடால் ஓபியாய்டு வகை மருந்து. மார்ஃபினும் ஹெராயினும் இதே வகைதான். இவை வலி உணர்வை மட்டுப்படுத்தும்போதே, மூச்சை இயக்கும் மூளைப் பகுதியையும் மந்தமாக்குகின்றன. தூக்கத்திலும் நம் மூச்சு ஓடிக்கொண்டிருப்பது அந்தப் பகுதியால்தான். அளவு மீறினால் மூச்சு குறைந்து குறைந்து நின்றுபோகும். மதுவோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால், குறைந்த அளவே ஆளைக் கொல்லலாம். டேபென்டடாலால் வலிப்பும் வரலாம்.

விழுங்க வேண்டியதைக் கரைத்து நரம்பில் ஏற்றுவது இன்னும் கொடுமை. மாத்திரையில் இருப்பது மருந்து மட்டுமல்ல, டால்க் போன்ற பொடிகளும்தான். கரையாத துகள்கள் இரத்தக் குழாய்களை அடைத்து நுரையீரல்வரை போய்த் தங்கும். ஊசி போட்ட இடம் சீழ் பிடிக்கும், இதய வால்வில் கிருமி தொற்றும். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தினால் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் சி பரவும்.

பழகப் பழக அதே போதைக்கு அதிக அளவு தேவைப்படும். திடீரென நிறுத்தினால் உடம்பெல்லாம் வலி, வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. அந்த நிலையில் இருப்பவனைத் திமிர் பிடித்தவன் என்று திட்டுவதும் கட்டிப்போடுவதும் அநியாயம். அவனுக்கு வேண்டியது வைத்தியம். புப்ரினார்ஃபின் போன்ற மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்து இந்த அவஸ்தையைத் தணிக்க முடியும்.

பலருக்கும் தெரியாத ஓர் ஆபத்து உண்டு. சிகிச்சை முடிந்தோ சிறையிலிருந்தோ வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிக மோசமான காலம். உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருக்கும். ஒரே ஒரு முறைதானே என்று முன்பு எடுத்த அளவையே எடுத்தால் உயிர் போகலாம். ‘திருந்தி வந்துவிட்டான்’ என்று குடும்பம் நிம்மதியடைகிற அந்த நாட்களில்தான் கூடவே ஆள் இருக்க வேண்டும்.

உலுக்கினாலும் எழாமை, ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி, நீலம் பூத்த உதடு, கரகரப்பான குறட்டை, விட்டுவிட்டு வரும் மூச்சு. இவற்றைக் கண்டால் ‘தூங்கட்டும், தெளிந்துவிடும்’ என்று விடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். போலீசுக்குப் பயந்து நண்பனை விட்டு ஓடாதீர்கள். என்ன மாத்திரை என்று மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், காலி அட்டை கிடைத்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஓபியாய்டு என்று தெரிந்தால் அதை முறிக்க நலாக்ஸோன் என்ற மருந்து இருக்கிறது. போதையிலிருந்து மீள வழி கேட்க 14446 என்ற தேசிய உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம், குடும்பத்தினரும் பேசலாம்.