பின்பாட்டுக்கு ஏது டிக்கெட்?

அலுவலகத்தில் ஜால்ரா போடுகிறவரைக் கண்டால் யாருக்கும் பிடிக்காது. ஆனால் மும்பை லோக்கல் ரயிலில் ஜால்ரா போடுகிறவருக்கு நாலு பேர் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள்!

ஏனென்றால் இது நிஜமான ஜால்ரா. கல்யாண், டோம்பிவிலி, விரார் பக்கமிருந்து காலையில் புறப்படும் வண்டிகளில் குறிப்பிட்ட சில பெட்டிகளுக்கு இந்த ஓசைதான் அடையாளம். ஒரு டோலக், இரண்டு ஜோடி ஜால்ரா, பத்துப் பன்னிரண்டு குரல்கள். பஜனை மண்டலி தயார். மேடை கிடையாது, மைக் கிடையாது, தலைமை தாங்க யாரும் வரவேண்டியதில்லை. கையிலுள்ள சீசன் பாஸ்தான் நுழைவுச் சீட்டு!

பாடுகிறவர்கள் யார்? வங்கிக் குமாஸ்தா, மில் கணக்கர், கூரியர் கம்பெனி ஊழியர், சமையல் வேலைக்குப் போகிறவர். பெண்கள் பெட்டியிலும் தனி மண்டலிகள் உண்டு. தசரா வந்தால் பெட்டிக்குச் சாமந்தி மாலை, மாவிலைத் தோரணம், பூஜை, இனிப்பு எல்லாம் நடக்கும். நம் ஊர் ஆயுத பூஜையை ரயில் பெட்டிக்குள் பார்க்கலாம்.

முன்பாட்டும் பின்பாட்டும்

இந்த மண்டலிகளின் ரகசியம் மிக எளிது. ஒருவர் ஓர் அடி பாடுவார். மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். பாட்டு தெரியாதவரும் இரண்டாம் சுற்றில் கற்றுக்கொள்வார். குரல் சரியில்லாதவர் தாளம் போடுவார். தாளமும் வராதவர் தலையை ஆட்டினால் போதும். யாரையும் வெளியே நிறுத்தாத கச்சேரி இது.

தமிழருக்கு இது புதிதல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறியவர்களைக் கேளுங்கள். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னால் பக்கப்பாட்டுக்காரர் 'ஆமாம்' போடவேண்டும். அந்த 'ஆமாம்' இல்லாவிட்டால் கதை நகராது. கும்மியிலும் அப்படியே. ஒருத்தி எடுத்துக் கொடுக்க, வட்டமே வாங்கிப் பாடும்.

மாட்டுங்கா, செம்பூர் பக்கங்களில் நடக்கும் சம்பிரதாய பஜனையிலும் பாகவதர் பாட, கூட்டம் பின்பாட்டுப் பாடுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1855 வரை தஞ்சாவூரை ஆண்டவர்கள் மராத்தியர்கள். அவர்கள் காலத்தில் துக்காராம், நாமதேவர் ஆகியோரின் அபங்கங்கள் தஞ்சை மண்ணில் பரவி, மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் போன்றோர் வகுத்த பஜனை முறையில் இடம்பிடித்தன. இன்று தஞ்சாவூர்க்காரர் மராட்டிய மண்ணில் உட்கார்ந்து அதே அபங்கத்தைப் பாடுகிறார். போன பாட்டு திரும்பி வந்திருக்கிறது!

சேர்ந்து பாடினால் மனம் லேசாவது வெறும் பிரமையா? இல்லை. சுவீடன் நாட்டின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தார் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சேர்ந்து பாடுகிறவர்கள் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து ஒரே நேரத்தில் விடுவதால், அவர்களுடைய இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் ஒன்றுபோல் ஆகிறது என்று அதில் கண்டார்கள். ஊரையும் உறவையும் விட்டுவிட்டு, பத்துக்குப் பத்து அறையில் நாலு பேரோடு படுத்து எழுந்து வேலைக்குப் போகிறவனுக்கு இதைவிட மலிவான மருந்து ஏது?

மருந்து மட்டுமல்ல, அது ஒரு காப்பும் கூட. தினமும் பாடும் ஒருவர் இரண்டு நாள் வரவில்லையென்றால் மூன்றாம் நாள் வட்டத்தில் விசாரணை நடக்கும். காய்ச்சலா? ஊரில் ஏதாவது துக்கமா? யார் போய்ப் பார்ப்பது? இத்தனை கோடிப் பேர் வாழும் நகரத்தில் நாம் வராததைக் கவனிக்க நாலு பேர் இருக்கிறார்கள் என்பது சின்ன விஷயமா?

மண்டபம் முதல் தெருமுனை வரை

ரயிலை விட்டு இறங்கினால் மண்டபங்கள். கிங்ஸ் சர்க்கிள் அருகேயுள்ள சண்முகானந்தா அரங்கத்தை அறியாத மும்பைத் தமிழர் உண்டா? 1952-ல் தொடங்கிய சபா, 1963-ல் தனக்கென அரங்கம் கட்டியது. 1990-ல் தீ விபத்தில் அது பாழாயிற்று. சோர்ந்துவிடவில்லை. மீண்டும் கட்டி 1998-ல் திறந்தார்கள். சொந்த ஊரில் ஒரு சபா இருப்பது வேறு. வந்த ஊரில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் உட்காரும் அரங்கத்தை எழுப்பி, எரிந்த பிறகும் எழுப்புவது வேறு.

மண்டபத்துக்குப் போகமுடியாதவர்களுக்கு மாரியம்மன் கோயில் திருவிழாவும் பொங்கல் விழாவும் இருக்கின்றன. அங்கே மெல்லிசைக் குழுதான் ராஜா. இளையராஜாவே சினிமாவுக்கு முன் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஊர் ஊராகப் போய் வாசித்தவர்தானே! 1976-ல் 'அன்னக்கிளி' வந்த பிறகுதான் உலகம் அவரை அறிந்தது.

இப்போது மெல்லிசைக் குழுவின் இடத்தைக் கரோக்கி பிடித்து வருகிறது. குரல் நீக்கிய இசை ஓடும், நாம் பாடவேண்டியதுதான். 1971-ல் ஜப்பானின் கோபே நகரில் இனோவே என்பவர் இதற்கென ஓர் இயந்திரம் செய்தார். இன்று கைபேசியே போதும். டி.எம்.எஸ். ரசிகர்கள், எஸ்.பி.பி. ரசிகர்கள், ரஃபி ரசிகர்கள், கிஷோர் ரசிகர்கள் எனச் சிறு வட்டங்கள் ஞாயிறு மாலைகளில் கூடுகின்றன. வாடகையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். டி.எம்.எஸ். 2013-லும் எஸ்.பி.பி. 2020-லும் மறைந்தார்கள். வட்டத்தில் யாராவது பல்லவியை எடுத்தால் மற்றவர்கள் சரணத்தை விட்டுவிடுவதில்லை.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. தபேலாவும் கீபோர்டும் வாசித்துப் பிழைத்தவரின் கூலியை அந்தக் கைபேசி எடுத்துக்கொண்டது. ஆண்டுக்கு ஒருமுறையாவது வட்டத்தார் உண்டியல் சேர்த்து, நிஜமான வாத்தியக்காரர்களை அழைத்துப் பாடினால் நல்லது. கூடவே வாசிக்கும் மனிதர், நாம் தாளம் தவறினால் பிடித்துக்கொள்வார். இயந்திரம் நம்மை விட்டுவிட்டுப் போய்விடும்!

இளைஞர்களை மறந்துவிடக்கூடாது. தாராவியில் பையன்கள் வட்டமாக நின்று, ஒருவன் விட்ட இடத்தில் இன்னொருவன் பிடித்துப் பேச்சாகவே பாட்டுக் கட்டுகிறார்கள். ராப் என்கிறார்கள். தமிழும் இந்தியும் மராத்தியும் அதில் கலந்து வருகின்றன. தாராவியின் 'டோப்அடெலிக்ஸ்' குழு, 2018-ல் வெளியான 'காலா' படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் ராப் பாடியது. தெருமுனை வட்டத்திலிருந்து ரஜினி படம் வரை! பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்ளாமல் கொஞ்சம் நின்று கேட்கலாம். நம் லாவணியில் எதிர்ப்பாட்டுக் கட்டியவர்களின் பேரன்கள்தான் இவர்கள்.

பெரிய கச்சேரி, பெரிய விலை

இனி பெரிய மேடைக்கு வருவோம். 1996 நவம்பர் 1-ல் அந்தேரி விளையாட்டரங்கில் மைக்கேல் ஜாக்சன் ஆடிப் பாடினார். 2016 நவம்பரில் பாந்த்ரா-குர்லா வளாக மைதானத்தில் பிரிட்டனின் கோல்ட்ப்ளே குழுவும் நம் ஏ.ஆர். ரகுமானும் ஒரே மேடையில் தோன்றினார்கள். 2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே மீண்டும் வந்தது. நவி மும்பை டி.ஒய். பாட்டீல் அரங்கில் மூன்று நாள், அகமதாபாத்தில் இரண்டு நாள்.

அகமதாபாத் அரங்கம் 1,32,000 பேர் உட்காரக்கூடியது. அங்கே போகிறவர்களுக்காக மேற்கு ரயில்வே, பாந்த்ரா டெர்மினஸிலிருந்து சிறப்பு ரயில்களே விட்டது. கும்பமேளாவுக்கும் வேளாங்கண்ணிக்கும் சிறப்பு ரயில் பார்த்த எங்களுக்கு, பாட்டுக் கேட்பதற்காகச் சிறப்பு ரயில் என்பது புதுமைதான்!

விலை என்ன? 2024 செப்டம்பரில் இணையத்தில் விற்பனை தொடங்கியபோது சீட்டு 2,500 ரூபாயிலிருந்து 35,000 ரூபாய் வரை. சில நிமிடங்களில் தீர்ந்துவிட்டது. பிறகு அதையே லட்சக்கணக்கில் விலை சொன்னார்கள். மும்பை போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவு விசாரணை வரை போயிற்று.

கவுண்டரில் உட்கார்ந்தே பழகிவிட்ட புத்தி கணக்குப் போடுகிறது. மும்பை லோக்கலில் மிகக் குறைந்த செகண்ட் கிளாஸ் டிக்கெட் 5 ரூபாய். 2,500 ரூபாய்க்கு 500 டிக்கெட்!

கொடுக்கக்கூடாது என்று சொல்லவில்லை. உழைத்த காசில் ஒருநாள் சந்தோஷத்துக்கு யார் தடை போடமுடியும்? ஆனால் அவ்வளவு காசு கொடுத்தவர்கள் எந்தக் கணத்துக்காகக் காத்திருக்கிறார்கள் தெரியுமா? பாடகர் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவார். அத்தனை ஆயிரம் பேரும் அடுத்த அடியைப் பாடுவார்கள். வீட்டுக்கு வந்து அதைத்தான் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். அதுவும் பின்பாட்டுதானே! விரார் வண்டியில் காலையில் இலவசமாகக் கிடைப்பதும் அதுதானே!

கூட்டம் நமக்குத் தெரியும்

பணம் போனால் சம்பாதிக்கலாம். உயிர்?

2023 செப்டம்பர் 10-ல் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரகுமான் கச்சேரியில், சீட்டு வைத்திருந்த பலர் உள்ளேயே போகமுடியாமல் திரும்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் தவித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 25-ல் கொச்சிப் பல்கலைக்கழகத்தில் பாட்டுக் கச்சேரி தொடங்கும் முன்பே நெரிசலில் 4 பேர் இறந்தார்கள். வெளியே நின்றவர்கள் மழைக்கு ஒதுங்க உள்ளே விரைந்தபோது, கீழிறங்கும் படிகளில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

மும்பைக்காரர்களுக்கு இது எதை நினைவூட்டுகிறது? 2017 செப்டம்பர் 29. எல்பின்ஸ்டன் ரோடு நிலைய நடைமேம்பாலம். அன்றும் மழை. அன்றும் குறுகிய படிக்கட்டு. மழைக்கு நின்றவர்கள் நகரவில்லை. வண்டிகளிலிருந்து இறங்கியவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 23 பேர் மாண்டார்கள்.

நெரிசலில் பலர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே மார்பு அழுந்தி, மூச்சு முட்டிச் சாகிறார்கள். ஆகவே கச்சேரிக்குப் போகிறவர்கள் சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

உள்ளே போனதும் மேடையைப் பார்க்கும் முன் வெளியேறும் வழிகள் எங்கே என்று பாருங்கள். வந்த வழி ஒன்றுதான் வழி என்று இருந்துவிடாதீர்கள். நாலு பக்கமும் உடம்பு முட்டி, கையைத் தூக்கமுடியாத நிலை வருவதற்கு முன்பே ஓரத்துக்கு நகருங்கள். மாட்டிக்கொண்டால் இரு கைகளையும் மடக்கி மார்புக்கு முன் வைத்து மூச்சுக்கு இடம் தேடுங்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அலை நின்ற நேரத்தில் குறுக்காக நகர்ந்து விளிம்புக்கு வாருங்கள். செருப்போ கைபேசியோ விழுந்தால் குனியாதீர்கள். அதிகாரபூர்வமான இடத்தில் மட்டும் சீட்டு வாங்குங்கள்.

திரும்பி வரும் வண்டியையும் போகும்போதே யோசித்துவிடுங்கள். கடைசி லோக்கல் போய்விட்டால் விடியும் வரை பிளாட்பாரம்தான் துணை!

அடுத்தவர் காதும் காதுதான்

ரசிகர்களின் உரிமையைப் பேசினோம். கடமையையும் பேசவேண்டும். ரயிலில் எல்லோரும் பாட்டுக் கேட்க வருவதில்லை. இரவு வேலை முடித்துக் கண்ணயர்கிறவர் உண்டு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உண்டு. பயணிகளுக்குத் தொல்லை கொடுப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145ஆம் பிரிவின்படி குற்றம். மண்டலிகள்மீது புகார் வருவதும் உண்டு. டோலக்கை மெல்லத் தட்டினால் சாமிக்குக் கேட்காதா என்ன? பாடாதவருக்கும் உட்கார இடம் விட்டால் புகார் பாதியாகக் குறையும்.

வெளியேயும் விதி உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலங்களில் மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு மட்டும் தளர்த்தலாம்.

வாசகர்களே! பெரிய கச்சேரி வருஷத்துக்கு ஒருமுறை வரும், போகும். சீட்டு கிடைத்தால் போய்வாருங்கள், கிடைக்காவிட்டால் ஏங்கவேண்டாம். உங்கள் சாலில், உங்கள் தெருவில், உங்கள் வண்டியில் பாடக்கூடிய நாலு பேர் நிச்சயம் இருக்கிறார்கள். ஒருவர் மராத்தியாக இருக்கலாம், ஒருவர் மலையாளியாக இருக்கலாம். ஒரு ஜோடி ஜால்ரா வாங்கிக்கொண்டு ஞாயிறு மாலை 6 மணிக்கு உட்காருங்கள். புதிதாக ஊரிலிருந்து வந்த தம்பி யாராவது கதவோரம் தயங்கி நின்றால் உள்ளே கூப்பிட்டு, ஜால்ராவை அவர் கையில் கொடுங்கள்.

பத்து மணிக்கு முன் மங்களம் பாடிவிடுங்கள். அடுத்த அறையில் காலை ஷிப்டுக்குப் போகிறவர் தூங்கவேண்டும்.