நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு

மார்கழித் திருவாதிரையன்று சந்தனம் களைந்த மரகத நடராசரைத் தரிசிக்க உத்தரகோசமங்கைக்கு வருவோர், சாலையின் இருபுறமும் நிற்கும் நெற்பயிரைக் கவனிப்பது அரிது. புழுதியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையையும் கண்மாயையும் நம்பி வளர்ந்த பயிர் அது. தையில்தான் அறுவடை. வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதங்கள் முழுவதும் விவசாயியின் முதலீடு மண்ணில்தான் கிடக்கிறது.

அப்பயிர் மூழ்கினால் அரசு தருவது என்ன? 2022-23 முதல் 2025-26 வரைக்கான மத்திய அரசின் நெறிமுறைப்படி, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமடைந்த மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.8,500, பாசனப் பயிருக்கு ரூ.17,000. அதுவும் 2 ஹெக்டேர் வரைதான். மானாவாரிக்கு ஏக்கர் கணக்கில் ஏறத்தாழ ரூ.3,440. மழை பாதி, கண்மாய் பாதி என விளையும் எங்கள் பகுதி வயலை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பது தனி வழக்கு!

இத்தொகைக்கு அரசு வைத்துள்ள பெயர் 'இடுபொருள் மானியம்'. இழந்ததை ஈடுசெய்வது அதன் நோக்கமே அல்ல. மீண்டும் தொடங்குவதற்கான சிறு உதவி மட்டுமே. இந்த வேறுபாட்டை உணர்ந்தால், ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் எழும் நிதிச் சர்ச்சை ஓரளவு விளங்கும்.

2018 கஜா புயலுக்குத் தமிழகம் ஏறத்தாழ ரூ.15,000 கோடி கோரியது; தேசிய பேரிடர் நிதியிலிருந்து ஒப்புதல் கிடைத்தது ரூ.1,146 கோடிக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், தென்மாவட்ட வெள்ளம் இரண்டுக்குமாகக் கோரியது ஏறத்தாழ ரூ.37,900 கோடி. ஒப்புதல் ரூ.682 கோடி, விடுவிக்கப்பட்டதோ ரூ.276 கோடி. மாநிலப் பேரிடர் நிதியில் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த இருப்பில் பாதியைக் கழித்துக்கொள்வது விதி.

அந்த மாநில நிதியில் 75 சதவீதம் மத்திய அரசின் பங்கு, 25 சதவீதம் மாநிலத்தின் பங்கு. நிதிக்குழுவின் பரிந்துரைப்படி இரண்டு தவணைகளாக ஆண்டுதோறும் வரவேண்டிய பணம் அது. புயல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் உரியது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலையொட்டி அறிவிக்கப்பட்ட ரூ.944.80 கோடி, அவ்வாண்டின் இரு தவணைகளே. தேசிய நிதியிலிருந்து கூடுதலாக ரூ.522.34 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தது 2025 ஏப்ரலில். அதற்குள் அறுவடைக் காலமே கடந்துவிட்டது.

மாநிலத்தின் மீதும் குறை உண்டு. கேட்டதில் சிறு பகுதியே கிடைக்கும் என்று தெரிந்தே, நிரந்தரச் சீரமைப்பு, எதிர்காலத் தடுப்புப் பணிகள் யாவற்றையும் ஒரே மனுவில் அடுக்குகிறார்கள். மத்திய அரசும் அதை அறிந்தே குறைக்கிறது. எனக்கு இது சந்தைப் பேரமாகவே தோன்றுகிறது. மொத்தத் தொகை பற்றி இரு தரப்பும் வாதிடுகையில், அந்த ரூ.8,500 ஆண்டுக்கணக்கில் மாறாமல் நிற்கிறது. டீசலும் உரமும் கூலியும் அவ்வாறு நிற்பதில்லை.

குறைந்தபட்ச ஆதரவு விலைக்காக, நெல் சாகுபடிச் செலவை வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் ஆண்டுதோறும் கணக்கிடுகிறது. அதே கணக்கில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை நிவாரண அளவாக நிர்ணயிக்கத் தடை ஏதுமில்லை. அவ்வாறு உயர்த்தும்போது, வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவரின் பெயரும் சேதப் பட்டியலில் இடம்பெற வழி காணவேண்டும். இன்று வயல் அவருடைய உழைப்பில் மூழ்குகிறது. மானியம் பட்டாதாரரின் வங்கிக் கணக்கில் வரவாகிறது.