உங்களுக்குத் தெரியுமா? பெயர் நந்தம்பாக்கத்தில், கல்லறை வேறெங்கோ!

நம்ம விருத்தாசலத்திலிருந்து சென்னைக்கு ரயிலேறுபவர்கள், பரங்கிமலை பக்கம் போனால் நந்தம்பாக்கத்தையும் எட்டிப் பார்க்கலாம். 1952-இல் அமைந்த மதராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறந்த 850-க்கும் மேற்பட்டோருக்கு இங்கே கல்லறை. பலர் வேறு ஊர்க் கல்லறைகளிலிருந்து எடுத்துவரப்பட்டவர்கள்.

அதிகாரியானாலும் சிப்பாயானாலும், நம்மூர்ப் பீங்கான் அச்சில் வார்த்தாற்போல ஒரே அளவுக் கல்தான். படைப்பிரிவின் சின்னம், பெயர், இறந்த தேதி. சிலவற்றின் அடியில் குடும்பத்தார் எழுதியனுப்பிய ஒற்றை வரி. குனிந்துதான் படிக்க வேண்டும்.

அதைவிட வியப்பு, அங்குள்ள முதல் உலகப் போர் நினைவுச் சின்னம். அதில் 1,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். அந்தப் பெயர்களுக்குரியவர்களோ இந்தியாவின் பல பகுதிகளில், நிரந்தரமாகப் பராமரிக்க வழியில்லாத பழைய இடுகாடுகளில் கிடக்கிறார்கள். தோட்டத்தைப் பார்வையிடக் கட்டணம் கிடையாது.