நாளைய வட்டியை அறிந்தவர் யார்?

புதுக்கடை என்றதும் நீதிமன்றங்களே எவர்க்கும் நினைவுக்கு வரும். 1656 ஆம் ஆண்டு கொழும்பு முற்றுகையிலே உயிர் துறந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்ட் என்பாரின் பெயரால் ஆங்கிலத்தில் வழங்கும் இவ்விடத்துக்குச் சிங்களத்தில் ‘அளுத்கடே’ என்று பெயர்; தமிழில் வழங்கும் புதுக்கடை என்னும் பெயரும் அதே பொருளைத் தருவது. வழக்கு, சாட்சியம், தீர்ப்பு என்னும் சொற்களே ஓயாது ஒலிக்கும் இவ்வட்டாரத்தில், எழுதுவினைஞராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வழக்கறிஞரின் உதவியாளராகவும் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து இளைப்பாறியோர் இன்று எங்கேனும் கூடினால் எதைப் பற்றிப் பேசுகின்றனர்? வழக்கைப் பற்றியன்று, வட்டியைப் பற்றி.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதே பேச்சுத்தான். “வட்டி இன்னும் இறங்குமாம், ஐயா. இறங்குமுன் நீண்ட கால முறியில் பணத்தை இடுவதே புத்தி என்று ஒரு நிபுணர் எழுதியிருக்கிறார்” என்பார் ஒருவர். “இறங்குவதாவது! ஏறப்போகிறதென்று நேற்றுத்தானே தொலைக்காட்சியில் மற்றொரு நிபுணர் சொன்னார், மாஸ்ரர்” என்பார் மற்றவர். இருவர் கூற்றிலும் உறுதி இருக்கும். இருவருக்கும் துணையாக ஒவ்வொரு நிபுணரும் இருப்பார். எவரை நம்புவது?

இஃது பொழுதுபோக்குக்காக எழும் வினாவன்று. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. தனியார் கம்பனியில் உழைத்தவருக்கோ, 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான ஊழியர் சேமலாப நிதியே கதி. ஊழியரிடமிருந்து 8 சதவீதமும் தொழில் கொள்வோரிடமிருந்து 12 சதவீதமுமாகச் சேர்ந்த பணம், ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் ஒரே தொகையாகக் கைக்கு வருகிறது. அதன் பின் சம்பளம் இல்லை; அத்தொகையே சம்பளம். மருந்தும் மின்சாரமும் மளிகையும் அதன் வட்டியிலிருந்தே வாங்கப்படல் வேண்டும். ஆகவே நாளைய வட்டி யாது என்று அவர்கள் தவிப்பதில் வியப்பில்லை.

முறியின் இயல்பு

முதலில் முறி என்பது யாதென்று மாணவரும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் பார்ப்போம். அரசாங்கம் மக்களிடம் கடன் பெறுகின்றது. இன்ன நாளில் இன்ன தொகை தருவேன் என்று வாக்களிக்கின்றது. அக்கடன் 91, 182 அல்லது 364 நாட்களில் தீர்வதாயின் அது திறைசேரி உண்டியல். ஆண்டுக் கணக்கில் நீண்டு, இடையிடையே வட்டியும் தருவதாயின் அது திறைசேரி முறி. இம்முறிகள் நம் நாட்டில் 1997 ஆம் ஆண்டு முதல் வெளிவருகின்றன.

உண்டியல் கழிவு விலையிலே விற்கப்படும். ஓர் ஆண்டின் பின் 100 ரூபா தரும் உண்டியலுக்கு, வட்டி 10 சதவீதமாயின் இன்று ஏறக்குறைய 91 ரூபா கொடுக்க வேண்டும். வட்டி 30 சதவீதமாயின் 77 ரூபா போதும். வட்டி ஏறினால் விலை இறங்கும். வட்டி இறங்கினால் விலை ஏறும். தராசின் இரு தட்டுகளைப் போன்றன இவை.

நீண்ட முறியில் இவ்வாட்டம் பெரிது. ஆண்டுக்கு 10 ரூபா வட்டி தரும் 100 ரூபா முறி ஒன்றை வைத்திருக்கிறீர்கள். சந்தையில் வட்டி 20 சதவீதமாக உயர்ந்துவிட்டது. முறி முடிய ஓராண்டே இருக்குமாயின் அதன் விலை ஏறத்தாழ 92 ரூபாவாகும். பத்தாண்டு இருக்குமாயின் 58 ரூபாவாகச் சரிந்துவிடும்! கடன் கொண்டவர் மாறவில்லை; அவர் கொடுத்த வாக்கும் மாறவில்லை. காலம் ஒன்றே வேறுபாடு.

நிதியம் என்னும் கூட்டு உண்டியல்

பலரின் பணத்தை ஒன்றுதிரட்டி, பல முறிகளையும் உண்டியல்களையும் வாங்கி, ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்குக்கு ஏற்ற அலகுகளை வழங்கும் ஏற்பாடே முறி நிதியம். ‘யூனிட் டிரஸ்ட்’ என்னும் இம்முறை இலங்கையில் 1991 இல் தொடங்கியது. சிறு தொகையுடன் நுழையலாம். வேண்டும்போது அலகுகளை விற்று வெளியேறலாம். ஏலத்தில் நாமே போய் நிற்க வேண்டியதில்லை. இவை மெய்யான நன்மைகள்.

ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தனி முறிக்கு முடிவு நாள் ஒன்று உண்டு. இடையில் விலை எவ்வளவு சரிந்தாலும், கடன் கொண்டவர் வாக்குத் தவறாதவரை, அந்நாளில் 100 ரூபா முழுமையாக வந்து சேரும். நிதியத்துக்கோ பொதுவாக முடிவு நாள் இல்லை. ஒரு முறி தீர்ந்தால் முகாமையாளர் மற்றொன்றை வாங்குவார். வட்டி ஏறும்போது அலகின் விலை குறையும். அதன் பின் புதிய முறிகள் கூடிய வட்டியைக் கொணர, காலப்போக்கில் இழப்பு ஈடாகும். அதுவரை காத்திருக்க இயலுமா என்பதே கேள்வி. அமெரிக்காவில் முறிச் சந்தை முழுவதையும் அளக்கும் சுட்டெண் 2022 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 13 சதவீதம் சரிந்தது. ‘முறி என்றால் நட்டமே வராது’ என்று எண்ணியிருந்த இளைப்பாறியோர் பலர் அங்கும் திகைத்தனர்.

நிதியம் எவருக்குக் கடன் கொடுத்திருக்கிறது என்பதும் முக்கியமே. இந்தியாவில் பிராங்ளின் டெம்பிள்டன் ஸ்தாபனம் 2020 ஏப்ரல் 23 ஆம் திகதி ஆறு கடன் நிதியங்களை ஒரே நாளில் மூடியது. தரத்திற் குறைந்த கம்பனி முறிகள் அவற்றில் மிகுந்திருந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் அவற்றை வாங்குவார் இல்லை. பின்னர்ப் படிப்படியாகப் பணம் திரும்பியது உண்மையே. ஆனால் அடுத்த மாதச் செலவுக்கு அதை நம்பியிருந்தவர் நிலை யாது?

ஆரூடம் பலிக்காதது ஏன்?

நாளைய வட்டியை முன்கூட்டியே அறிந்தால் இத்தொல்லை எதுவும் இல்லை அன்றோ? பஞ்சாங்கம் கிரகணத்தை நாழிகை தவறாமல் கூறுகின்றதே, பொருளியல் நிபுணர் வட்டியைக் கூறல் ஆகாதோ என்று கேட்கலாம். சூரியனும் சந்திரனும் பஞ்சாங்கம் படிப்பதில்லை. ஆதலால் அவை தம் வழியே செல்கின்றன. சந்தையோ தன்னைப் பற்றிய ஆரூடத்தைத் தானே படிக்கின்றது. நாளை விலை ஏறும் என்று யாவரும் நம்பினால் இன்றே வாங்குவர். விலை இன்றே ஏறிவிடும். நாளைக்கு என்ன நேரும் என்பது மீண்டும் மறைந்துவிடும்.

இதற்கு வரலாறு சான்று பகரும். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏர்விங் ஃபிஷர் பெரும் அறிஞர். வட்டியின் இயல்பைப் பற்றி 1930 இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் மதிக்கப்படுகின்றது. அவரே 1929 ஒக்டோபரில், பங்கு விலைகள் நிலையானதோர் உயர்ந்த மட்டத்தை அடைந்துவிட்டன என்றார். சில நாட்களில் சந்தை இடிந்து விழுந்தது. அவர் செல்வமும் அதனுடன் கரைந்தது. பின்னர் அல்ஃபிரட் கௌல்ஸ் என்பார், 16 ஆலோசனை ஸ்தாபனங்களும் 24 நிதி ஏடுகளும் கூறிய ஆரூடங்களையும் யோசனைகளையும் திரட்டி ஆராய்ந்து, 1933 இல் முடிவை வெளியிட்டார். குருட்டு அதிட்டத்தை மிஞ்சிய திறமை எதையும் அவர் காணவில்லை. எலிசபெத் மகாராணியாரும் 2008 நவம்பரில் இலண்டன் பொருளியல் கல்லூரிக்குச் சென்றபோது, இவ்வளவு பெரிய நெருக்கடியை எவரும் முன்னரே காணாதது ஏன் என்று கேட்டார்.

நம் நாட்டின் சாட்சியம்

வெளிநாட்டுக் கதை எதற்கு? நாமே கண்டோம். 2022 ஜனவரியில் இலங்கை 50 கோடி டொலர் முறி ஒன்றைத் தீர்த்தது. நாடு தவணை தவறாது என்று அடித்துக் கூறியோர் அப்பொழுது இருந்தனர். ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே மூச்சில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. 2021 இன் நடுப்பகுதியில் ஏறத்தாழ 5 சதவீதம் தந்த ஓராண்டு உண்டியல், 2022 முடிவில் 29 சதவீதம் தந்தது. 2023 முடிவில் அது 13. 2024 முடிவில் 9.

விலைவாசியோ இன்னும் கொடிது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. முந்திய ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய பொருளுக்கு 170 ரூபா வேண்டும். 5, 6 சதவீத வட்டிக்கு வைப்பிலிட்டவர் கையில் 105 அல்லது 106 ரூபா. முதல் பத்திரமாக இருந்தது; அதன் பெறுமதி போயிற்று. இரண்டே ஆண்டுகளில், 2024 செப்டெம்பரில், அதே சுட்டெண்ணின் ஆண்டு உயர்வு வீதம் பூச்சியத்துக்குக் கீழே இறங்கியது. இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருங்கே முன்மொழிந்தவர் எவர்?

உண்டியல்களின் தொகையும் வெட்டப்படலாம் என்ற அச்சம் அக்காலத்தில் பரவியிருந்தது. பலர் அஞ்சி ஒதுங்கினர். 2023 ஜூலை 1 ஆம் திகதி பாராளுமன்றம் அங்கீகரித்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு, பொதுமக்கள் கையிலிருந்த உண்டியல்களைத் தொடவில்லை. தொட்டது எதை? ஊழியர் சேமலாப நிதியை! அதன் பழைய முறிகளுக்குப் பதிலாக, தொடக்கத்தில் 12 சதவீதமும் பின்னர் 9 சதவீதமும் தரும் நீண்ட கால முறிகள் கொடுக்கப்பட்டன. முறி என்ற சொல்லையே கேட்டறியாத தொழிலாளியும், அந்நிதியின் வாயிலாக நாட்டின் மாபெரும் முறி நிதியத்தில் பங்காளியாயிருந்தான் என்பதை அன்றுதான் பலர் உணர்ந்தனர்.

நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்க

நிபுணர் எல்லாரும் பொய்யர் என்பது நம் கருத்தன்று. 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் நிபுணரின் அபிப்பிராயத்தை ஏற்க இடந்தருகிறது. ஆயினும் புதுக்கடையிலே நிபுணர் கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். இறுதி முடிவு நீதிபதியுடையது. சந்தை ஆரூடக்காரரை இவ்வாறு விசாரிப்பார் இல்லை. போன ஆண்டு அவர் என்ன கூறினார், அது பலித்ததா, நாம் வாங்கினால் அவருக்குத் தரகு உண்டா? இம்மூன்று வினாக்களையும் இனி நாமே கேட்போமாக.

அவர் நேர்மையாகச் சொல்லக்கூடியவையும் உண்டு. நிதியம் எவருக்குக் கடன் கொடுத்துள்ளது, அதன் முறிகள் சராசரியாக எத்தனை ஆண்டில் தீரும், ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, விற்றால் எத்தனை நாளில் பணம் வரும் என்பன ஆவணத்தில் உள்ள உண்மைகள். இவற்றை அறிய ஆரூடம் வேண்டா, படித்தால் போதும்.

அதன்பின் வினாவையே மாற்றுதல் வேண்டும். ‘வட்டி எப்போது ஏறும்?’ என்று கேளாமல், ‘இப்பணம் எனக்கு எப்போது வேண்டும்?’ என்று கேட்க வேண்டும். முன்னதற்கு விடை எவரிடமும் இல்லை. பின்னதற்கு விடை நம் வீட்டுக் கணக்குப் புத்தகத்திலேயே உண்டு. ஓராண்டுக்குள் வேண்டிய பணம் வங்கியிலோ குறுகிய கால உண்டியலிலோ, அத்தகைய உண்டியல்களில் மாத்திரம் இடும் நிதியத்திலோ இருக்கட்டும். இரண்டு முதல் ஐந்து ஆண்டில் வேண்டியது அக்காலத்தில் தீரும் முறிகளில் இருக்கட்டும். நெடுநாள் வேண்டாதது மாத்திரமே நீண்ட முறி நிதியத்தைக் காணலாம். குறுகிய காலம் வருமானத்தை ஆட்டும். நீண்ட காலம் முதலை ஆட்டும். 91 நாள் உண்டியலையே மாறிமாறி வாங்கியவர் 2022 இல் மகிழ்ந்தார். 2024 இல் தம் வருமானம் மூன்றிலொன்றுக்கும் கீழே சுருங்கக் கண்டார். ஆதலால் இரண்டையும் அளவாகக் கலப்பதே வழி. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்கும் பொருந்தும்.

மற்றொன்றும் உண்டு. பிறர் எல்லாரும் தருவதைவிட மிகுந்த வட்டியைத் தருவதாக ஒருவர் வாக்களிப்பின், அஃதும் ஓர் ஆரூடமே. 2008 இல் கோல்டன் கீ கம்பனி சரிந்தபோது கண்ணீர் வடித்தவருள் இளைப்பாறியோர் பலர். வங்கி வைப்புக்கு உள்ள காப்புறுதியும் எல்லையற்றதன்று. 2021 இல் அது ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா என உயர்த்தப்பட்டது. நிதிய அலகுகள் அக்காப்புறுதியில் அடங்கா. செட்டியார் தெருத் தங்கமோ வட்டியே தராதது.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டுத் தாத்தாவோ பாட்டியோ பத்திரிகையின் வட்டிப் பட்டியலை மூக்குக் கண்ணாடியோடு பார்த்துக்கொண்டிருந்தால் அருகே சென்று அமருங்கள். ஒரு தாளை எடுத்து, எந்த ஆண்டில் எவ்வளவு பணம் வேண்டும் என்று அவர்களுடன் சேர்ந்து வரிசைப்படுத்தி, அதன் எதிரே எந்த முதலீடு எந்நாளில் தீர்கிறது என்று எழுதுங்கள். நீங்கள் பள்ளியில் கற்ற கூட்டு வட்டிக் கணக்கு அங்கே பயன்படும். இரண்டு வரிசைகளும் ஒத்து நிற்குமாயின், நாளைய வட்டியைப் பற்றி எந்த நிபுணர் என்ன சொன்னாலும் அவ்வீட்டார் அன்றிரவு நிம்மதியாக உறங்கலாம்.