உறைபனியில் ஓடிய ஃபோர்டு மோட்டார்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் வடகிழக்கு மூலையில் உள்ளது நியூ ஹாம்ப்ஷயர் மாகாணம். அங்கே மாரிக்காலத்தில் வயலும் பாதையும் பல மாதங்கள் உறைபனியால் மூடப்பட்டுக் கிடக்கும். 1920-க்கு முன் கிராமப் பாதைகளிலிருந்து பனியை வாரி அகற்றும் வழக்கம் அரிதாகவே இருந்தது. குதிரைகள் பூட்டிய பெரிய மர உருளையால் பனியை அழுத்தி, அதன்மேல் சறுக்கு வண்டிகளை ஓட்டி வந்தனர். மோட்டார் வைத்திருந்த குடியானவர்கள் பனி விழத் தொடங்கியதும் அதனைக் கொட்டகையில் நிறுத்திவிடுவர். தபாற்காரர் கடிதம் கொண்டுவருவதும், வைத்தியர் நோயாளியைக் காணச் செல்வதும் அக்காலத்தில் பெரும் பிரயாசையாகும்.

இக்குறையை நீக்க முற்பட்டவர் அம்மாகாணத்தின் வெஸ்ட் ஆசிப்பி என்னும் ஊரில் ஃபோர்டு மோட்டார் விற்பனை செய்துவந்த விர்ஜில் ஒயிட் என்பவர். அவர் புதிய யந்திரம் ஒன்றைச் செய்ய முயலவில்லை. குடியானவரிடம் ஏற்கெனவே இருந்த மாடல் டி மோட்டாருக்கே பொருந்தும் இணைப்பு ஒன்றை அமைத்தார். 1917-ல் இதற்குப் பேடண்டு உரிமை பெற்றார். 1922-ஐ ஒட்டி இது விற்பனைக்கு வந்தது. ‘ஸ்னோமோபீல்’ என்பது அவர் இதற்கு இட்ட பெயராகும்.

இதன் அமைப்பு எளியது. முன் சக்கரங்களைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் சறுக்குக் கட்டைகள் பொருத்தப்படும். பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் துணை இருசு ஒன்றில் இன்னும் இரண்டு சக்கரங்கள் சேர்க்கப்படும். ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள இரு சக்கரங்களையும் சுற்றி இரும்புப் பற்கள் கொண்ட பட்டை ஓடும். சக்கரம் தனியே நின்றால் வண்டியின் பாரம் சிறு இடத்தில் இறங்கிப் பனியில் புதையும். பாரத்தைத் தாங்கும் பரப்பு இரட்டித்தால் ஒவ்வோர் அங்குலத்திலும் விழும் பாரம் பாதியாகும். பட்டையின் பற்கள் பனியைப் பற்றிக்கொள்வதால் சக்கரம் வீணே சுழல்வதும் குறையும்.

மாடல் டி மோட்டாரும் இவ்வேலைக்கு ஏற்றதாகவே இருந்தது. நான்கு சிலிண்டர்களும் 20 குதிரைச் சக்தியும் உடைய அது, கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பக்கூடியது. முன்னோக்கிச் செல்வதையும் பின்னோக்கிச் செல்வதையும் மிதிகளாலேயே மாற்றலாமாகையால், சிக்கிய வண்டியை மாறிமாறி அசைத்து மீட்பது சுலபம். ஆயினும் கடுங்குளிரில் சில ஜாக்கிரதைகள் வேண்டியிருந்தன. ரேடியேட்டர் நீர் உறைந்தால் யந்திரம் வெடித்துப் பழுதாகும். எனவே இரவில் நீரை வடித்துவிடுவதோ, சாராயச் சத்தைக் கலப்பதோ வழக்கமாயிற்று. எண்ணெய் கெட்டியாவதால், பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கி வைத்துக் கிளப்புவதும் உண்டு.

கிராமத் தபாற்காரர்களும் வைத்தியர்களும் இதனை விரும்பி வாங்கினர். மாடல் டி உற்பத்தி 1927-ல் நின்றது. பாதைகளில் பனி வாரும் ஏற்பாடும் நாளடைவில் பெருகியது. பாதை திறந்தபின் இந்த இணைப்பின் தேவை தானே குறைந்தது. எஞ்சிய வண்டிகள் சிலவற்றை ஆர்வலர்கள் இன்றும் பேணி ஓட்டி வருகின்றனர்.

நமது நஞ்சையில் பனி இல்லை, சேறு உண்டு. சேற்றுழவின்போது டிராக்டருக்கு மாட்டும் கேஜ் வீல் என்னும் கூண்டுச் சக்கரமும், பாரத்தைப் பரப்பிப் பிடிமானம் தரும் இதே தத்துவத்தை அனுசரித்ததே. மாரி கழிந்ததும் நியூ ஹாம்ப்ஷயர் குடியானவர் இணைப்பைக் கழற்றிப் பழைய சக்கரங்களை மாட்டிக்கொண்டார். நமது மிராசுதாரர்களும் வயலை விட்டு ஏறும்போது கூண்டுச் சக்கரத்தைக் கழற்றிவிடவேண்டும். அதனோடு தார்ச் சாலையில் ஓட்டினால் சாலை பாழாவதுடன், சக்கரமும் கெடும். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு நடவுக்கு முன்பே எடுத்துரைத்தல் நலம். ஊர்ப் பாதை கெட்டால் நஷ்டம் ஒருவருக்கன்று, ஊர் முழுவதற்குமாம்.